ஒரு நல்ல ரைடர் கிடைத்தால் கப் நமக்கா? விழுப்புரம் மின்னொளி கபடி முதல் தமிழ் தலைவாஸ் வரை ஒரு கணக்கு

தை பிறந்தால் போதும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஊருக்கு ஊர் ஃபிளெக்ஸ் பேனர் முளைத்துவிடும். ‘மாபெரும் மின்னொளி கபடி போட்டி’ என்று பெரிய எழுத்து. கீழே முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம், கோப்பை வழங்குபவர் பெயர். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, நாலு பக்கமும் கம்பம் நட்டு லைட் கட்டிவிட்டால் களம் ரெடி. ராத்திரி தொடங்கும் ஆட்டம் விடியற்காலை வரை போகும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடியே டீக்கடையில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். ‘நம்ம டிஃபென்ஸ் பரவாயில்லை. பாடுறதுக்குத்தான் ஆள் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு நல்ல ரைடரை இறக்கினால் கப் நமக்குத்தான்.’ உடனே எதிர்ப்பேச்சும் வரும். ‘அந்தக் காசுக்கு நம்ம பசங்களுக்கு ஷூவும் முட்டிக்கு நீ-கேப்பும் வாங்கிக் கொடுக்கலாமே!’

இது ஊர்ப் பேச்சு மட்டுமில்லை. கோடிகளில் ஏலம் எடுக்கும் புரோ கபடி லீக் அணிகள் வருஷா வருஷம் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்விக்காகத்தான். அமெரிக்காவில் இதே கேள்வியை வேறொரு விளையாட்டில், வேறொரு பெயரில் கேட்கிறார்கள். ஒரே ஒரு முக்கிய வீரர் ஒரு அணியின் தலையெழுத்தை எவ்வளவு தூரம் மாற்ற முடியும்? அவருக்காகக் கையிலிருக்கும் பணத்தில் எவ்வளவு கொடுக்கலாம்?

வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குவார்ட்டர்பேக் என்றால் யார்?

அமெரிக்கன் ஃபுட்பால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும், தூக்கி எறியும் ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர். தாக்குதல் ஆடும்போது அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து முதலில் ஒருவர் கைக்குத்தான் வரும். அதை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுத்து ஓடவைப்பது, தானே ஓடுவதா என்று சில விநாடிகளுக்குள் முடிவெடுப்பவர் அவர். அவர்தான் குவார்ட்டர்பேக்.

அந்த நாட்டின் என்எஃப்எல் லீக்கில் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்காக இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது 25.54 கோடி டாலர். அதே ஆண்டு டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் டக் பிரெஸ்காட்டுடன் போட்ட ஒப்பந்தத்தின் வருட சராசரி 6 கோடி டாலர். ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருக்கும் அணியில் ஒருவருக்கு மட்டும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு!

அதே லீக்கில் இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 2017-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அருமையாக ஆடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் அதன் முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முட்டியில் காயம். சீசன் அவ்வளவுதான் என்றார்கள். மாற்று ஆளாக நிக் ஃபோல்ஸ் வந்தார். 2018 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், டாம் பிரேடி இருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியை 41-33 என்று ஃபோல்ஸின் அணி வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் பிரேடி 505 யார்டு எறிந்தும் கோப்பை கைக்கு வரவில்லை.

இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி ஒன்று நம்ம தமிழ் தலைவாஸுக்கும் நடந்திருக்கிறது.

கபடியில் அந்த இடம் யாருக்கு?

கபடியில் களத்தில் 7 பேர். ஒருவர் பாடிப் போக வேண்டும், 30 விநாடிக்குள் திரும்ப வேண்டும். எதிரில் நிற்பவர்களைத் தொட்டுவிட்டு வந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி. ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு போனஸ். பிடிபட்டால் எதிரணிக்குப் புள்ளி, ரைடர் வெளியே.

புரோ கபடியில் ஒரு ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு ரைடும் முழு 30 விநாடி போகிறது என்று வைத்தால், ஒரு அணிக்கு 40 ரைடு. அதில் பெரும்பகுதிக்கு ஒரே ஆள் போனால், அணியின் முடிவுகளில் பெரும்பகுதியை அவர்தான் எடுக்கிறார் என்று அர்த்தம். எந்தப் பக்கம் போவது, தொடுவதா, போனஸோடு திரும்புவதா, சும்மா நேரத்தைக் கடத்துவதா என்று 30 விநாடிக்குள் தனியாக முடிவெடுக்க வேண்டும். அந்த வகையில் பார்த்தால், கபடியின் குவார்ட்டர்பேக் முதன்மை ரைடர்தான்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் ஒருமுறை கீழே தள்ளப்பட்டாலும் அடுத்த முறை எழுந்து வந்து ஆடுவார். ரைடர் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் திரும்ப வர வேண்டுமானால் அணியில் வேறு யாராவது புள்ளி எடுக்க வேண்டும். அதுவும் யார் முதலில் வெளியே போனாரோ அவர்தான் முதலில் உள்ளே வருவார். ரைடருக்கு முன்னால் இரண்டு பேர் வெளியே இருந்தால், அவர் வருவதற்கு மூன்று புள்ளி தேவை. போனஸ் புள்ளிக்கு ஆள் உள்ளே வர முடியாது.

அதாவது, உலகத்திலேயே சிறந்த ரைடராக இருந்தாலும், வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவருடைய மதிப்பு பூஜ்யம். அவரை உள்ளே கொண்டுவருவது மற்ற ஆறு பேரின் வேலை. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கீழே வரும் கதைகள் எல்லாம் புரியும்.

நட்சத்திரம் ஜெயிக்க வைத்த கதைகள்

முதலில் ‘ரைடர்தான் எல்லாம்’ என்று சொல்பவர்கள் பக்கம். அவர்கள் கையிலும் வலுவான ஆதாரம் இருக்கிறது.

பாட்னா பைரேட்ஸ் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீசன்களில் தொடர்ச்சியாகக் கோப்பை வென்றது. அணியின் முகம் பர்தீப் நர்வால். 2017-ல் நடந்த ஐந்தாவது சீசனில் மட்டும் அவர் எடுத்த ரைடு புள்ளிகள் 369. அந்த இறுதிப் போட்டி நம்ம சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கில்தான் நடந்தது. குஜராத்தை 55-38 என்று பாட்னா சாய்த்தது.

அடுத்தது பவன் ஷெராவத். ஆறாவது சீசனின் இறுதிப் போட்டி 2019 ஜனவரியில் நடந்தது. பெங்களூரு புல்ஸ் 38-33 என்று குஜராத்தை வென்றது. அந்த 38 புள்ளிகளில் 22 பவன் எடுத்தது. ஒரே ஆள், பாதிக்கும் மேல். அடுத்த சீசனில் ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரைடு புள்ளி எடுத்துச் சாதனை படைத்தார்.

இதையெல்லாம் டிவியில் பார்த்த எந்த அணி நிர்வாகத்துக்கும் ‘இவரை மட்டும் எடுத்துவிட்டால் போதும்’ என்று தோன்றத்தானே செய்யும்? நம்ம அணிக்கும் தோன்றியது.

தலைவாஸ் கற்ற பாடம்

தமிழ் தலைவாஸ் 2017-ல், ஐந்தாவது சீசனில் லீக்கில் நுழைந்தது. கேப்டன் அஜய் தாக்குர். 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஈரானுக்கு எதிராக இந்தியாவைக் கரைசேர்த்த ரைடர். பெரிய பெயர்தான். ஆனால், முதல் இரண்டு சீசன்களிலும் தன் பிரிவில் கடைசி இடம்.

2019-ல் ஏழாவது சீசனுக்கு இன்னும் பெரிதாக யோசித்தார்கள். அஜய் தாக்குரோடு ராகுல் சவுத்ரியை 94 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். கூடவே மஞ்சித் சில்லர். பேப்பரில் பார்த்தால் ‘இந்த டீமை யார் அடிப்பது?’ என்று கேட்கும் அளவுக்கு இருந்தது. முடிவு? 12 அணிகளில் கடைசி.

2022-ல் ஒன்பதாவது சீசன். அப்போது ஒரு அணி முழுவதற்குமான ஏலத் தொகை 4.4 கோடி ரூபாய். அதில் 2.26 கோடியை ஒரே ஆளுக்குக் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது தலைவாஸ். லீக் வரலாற்றில் அதுவரை இல்லாத விலை. மொத்தப் பணத்தில் 51 சதவீதம். குவார்ட்டர்பேக்குக்கு அமெரிக்காவில் கொடுக்கும் நாலில் ஒரு பங்கெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 8-ம் தேதி பெங்களூருவில் முதல் ஆட்டம், குஜராத்துக்கு எதிராக. பவன் அப்போது பாடிப் போகவில்லை, டிஃபென்ஸில் நின்றிருந்தார். எதிரணி ரைடர் சந்திரன் ரஞ்சித்தைத் தடுக்கப் போனபோது முட்டியில் காயம். தூக்கிக்கொண்டுதான் வெளியே போனார்கள். அந்த சீசனில் அவர் மறுபடி ஆடவே இல்லை. பாதிப் பணம், முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே போய்விட்டது.

அதோடு கதை முடிந்தது என்றுதான் ரசிகர்கள் நினைத்தார்கள். நடந்தது வேறு. நரேந்தர் என்ற அறிமுக வீரர் ரைடுக்குப் போக ஆரம்பித்தார். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 243 ரைடு புள்ளி. அஜிங்க்யா பவார் இரண்டாவது ரைடராகத் தோள்கொடுத்தார். பின்னால் சாகர், சாஹில் குலியா, மோஹித், நம்ம ஊர் அபிஷேக் என்று டிஃபென்ஸ் ஒரு சுவராக நின்றது. நடு சீசனில் பயிற்சியாளராக அஷன் குமார் வந்தார். தலைவாஸ் வரலாற்றில் முதல்முறையாக பிளே-ஆஃப். டிசம்பர் 13-ம் தேதி எலிமினேட்டரில் யுபி யோதாஸுடன் 36-36 என்று சமன். டை-பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்து அரையிறுதி. அங்கே புனேவிடம் வெறும் இரண்டு புள்ளியில், 37-39 என்று தோற்றது.

விலை உயர்ந்த ரைடர்களோடு ஆடியபோது கடைசி இடம். அவர் இல்லாமல் ஆடியபோது அரையிறுதி. ஈகிள்ஸ் கதை ஞாபகம் வருகிறதா?

இதை வைத்து ‘பவன் இல்லாததுதான் நல்லது’ என்று சொல்லிவிட முடியாது. அவரும் இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. தெரிவது இவ்வளவுதான்: ரைடர் போனாலும் நிற்கக்கூடிய டிஃபென்ஸ் அந்த ஆண்டு இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் இல்லை.

2.6 கோடி, இரண்டே வெற்றி

அடுத்த சீசனில் பவன் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். விலை 2.605 கோடி, மறுபடியும் சாதனை. அணிக்கான மொத்தத் தொகை இப்போது 5 கோடி. அதிலும் பாதிக்கு மேல் ஒருவருக்கே.

இந்த முறை காயம் எதுவும் குறுக்கே வரவில்லை. பவன் நன்றாகவே ஆடினார், 202 ரைடு புள்ளி எடுத்தார். ஆனால், டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. பட்டியலில் கடைசி இடம்.

தலைவாஸ் கதையை ‘காயம், அதிர்ஷ்டம்’ என்று தள்ளிவிடலாம். டைட்டன்ஸ் கதையை அப்படித் தள்ள முடியாது. ரைடர் தன் வேலையைச் செய்தார். அவர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்தபோது உள்ளே கொண்டுவர ஆள் இல்லை. அவர் எடுத்துக்கொடுத்த முன்னிலையைக் காப்பாற்ற டிஃபென்ஸ் இல்லை. மீதி பாதிப் பணத்தில் ஒரு முழு அணியை வாங்க வேண்டியிருந்ததன் விளைவு அது.

2024-ல் தலைவாஸ் மறுபடி ஒரு பெரிய விலை கொடுத்தது. சச்சின் தன்வர், 2.15 கோடி. அந்த ஏலத்தில் அதிக விலை போனவர் அவர்தான். அணி முடித்தது ஒன்பதாவது இடத்தில்.

அப்படியென்றால் கோப்பை வென்றவர்கள் என்ன செய்தார்கள்?

சில சம்பவங்களைப் பார்ப்போம்.

ஒன்று. எட்டாவது சீசனுக்கு முன் பாட்னா தன் முகமான பர்தீப் நர்வாலைத் தக்கவைக்கவில்லை. 1.65 கோடிக்கு அவர் யுபி யோதா போனார். பாட்னா ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால், ஈரானைச் சேர்ந்த முகமதுரெசா ஷாட்லூயி போன்ற டிஃபெண்டர்களை வைத்து அந்த அணி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் எதிரே வந்தது யார் தெரியுமா? பர்தீப்பின் யுபி. பாட்னா 38-27 என்று ஜெயித்து இறுதிக்குப் போனது.

இரண்டு. அதே சீசனின் இறுதிப் போட்டி, 2022 பிப்ரவரி. டபாங் டெல்லி 37-36 என்று ஒரே புள்ளியில் பாட்னாவை வென்றது. டெல்லியின் நட்சத்திர ரைடர் நவீன் குமார் 13 புள்ளி எடுத்தார். ஆனால், அவரைவிட அதிகம் எடுத்தவர் இன்னொரு ரைடர் விஜய், 14 புள்ளி. இரண்டாவது ரைடர் இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை.

மூன்று. பத்தாவது சீசனில் புனேரி பல்டன் 28-25 என்று ஹரியானாவை வென்று கோப்பையைத் தூக்கியது. ரைடு புள்ளிப் பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் இருந்த அஷு மாலிக், அர்ஜுன் தேஷ்வால் இருவருமே வேறு அணிக்காரர்கள். புனேயில் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் ரெடி.

நான்கு. பதினோராவது சீசனில் பாட்னாவின் தேவாங்க் 301 ரைடு புள்ளி எடுத்து எல்லோரையும் முந்தினார். இறுதிப் போட்டியில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவர் அணியை 23 புள்ளிக்குள் அடக்கி 32-23 என்று வென்றது. ஒரு ரைடரை நிறுத்தினால் ஒரு அணியே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆனால், இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. புனேயும் ஹரியானாவும் கஞ்சத்தனமாக அணி கட்டவில்லை. பத்தாவது சீசனில் ஷாட்லூயிக்கு புனே கொடுத்தது 2.35 கோடி. அடுத்த சீசனில் அவருக்கே ஹரியானா கொடுத்தது 2.07 கோடி. ஐந்து கோடியில் நாற்பது சதவீதத்துக்கு மேல்! இரண்டு அணியும் கோப்பை வென்றன. எனில், ‘ஒருவருக்குப் பெரிய பணம் கொடுக்கவே கூடாது’ என்பதும் தப்பு. வித்தியாசம் என்னவென்றால், அவர் முதலில் டிஃபெண்டர். தேவைப்பட்டால் ரைடும் போவார். எதிரணி பாடி வரும் ஒவ்வொரு முறையும் அவர் களத்தில் வேலை செய்கிறார். அவர் பிடிக்கும் ஒவ்வொரு பிடியும் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரை உள்ளே கொண்டுவருகிறது.

அதுவும் எப்போதும் பலிக்கும் மந்திரம் இல்லை. 2025 சீசனுக்கு ஷாட்லூயியை 2.23 கோடிக்கு குஜராத் எடுத்தது. கோப்பை போனதோ டெல்லிக்கு. அதே சீசனில் தலைவாஸ் அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கும் பவனை 59.5 லட்சத்துக்கும் எடுத்து ஒரே அணியில் இரண்டு பெரிய ரைடர்களை வைத்துப் பார்த்தது. பவன் சீசனின் தொடக்கத்திலேயே அணியை விட்டு வெளியேற நேர்ந்தது. பணம் கொடுத்து வாங்குவது ஒரு வாய்ப்பைத்தான், முடிவை இல்லை.

சரி, நம்ம ஊர் அணிக்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போது மறுபடி விழுப்புரம் பக்கம் வருவோம்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் ஊர் அணியிடம் வசூல் பணம் 20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் ரைடர் ஒருவரை அழைத்தால் போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 10,000 ஆகிறது. தலைவாஸும் டைட்டன்ஸும் செய்த அதே கணக்கு: பாதிப் பணம் ஒருவருக்கு.

முடிவெடுப்பதற்கு முன் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: அவர் பிடிபட்டால் உள்ளே கொண்டுவருவது யார்? எதிரணிக்கும் கண் இருக்கிறது. முதல் ரெண்டு ரைடிலேயே ‘இவர்தான் ஆள்’ என்று தெரிந்துவிடும். அவரை ஒருமுறை மடக்கிவிட்டு, அதன் பிறகு உங்களுக்குப் புள்ளி கொடுக்காமல் நேரத்தைக் கடத்துவதுதான் அவர்களின் திட்டமாக இருக்கும். இரண்டு வெறும் ரைடு போய்விட்டால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அந்த ரைடுக்கு அனுப்ப உங்களிடம் இன்னொரு ஆள் இருக்கிறாரா?

இரண்டாவது: அவர் இல்லாத நேரத்தில் கார்னர் ரெண்டும் நிற்குமா? மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. ஆட்டம் கைவிட்டுப் போகும்போது திருப்பிக் கொண்டுவருவது பல நேரம் இதுதான். ஆனால், கார்னரும் கவரும் ஒன்றாகப் பாய்வதற்குப் பல மாதம் சேர்ந்து பிராக்டிஸ் செய்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியவரோடு செயின் பிடிக்க முடியாது. ரைடு தனி ஆள் திறமை, ஒரு நாளில் கடன் வாங்கலாம். டிஃபென்ஸ் கூட்டுப் பழக்கம், கடன் வாங்க முடியாது. அதனால்தான் எல்லா ஊரும் ரைடரை மட்டும் வெளியிலிருந்து அழைக்கிறது.

மூன்றாவது: அடுத்த வாரம் என்ன? வெளியூர் ரைடர் பரிசோடு போய்விடுவார். அடுத்த போட்டிக்கு மறுபடி பத்தாயிரம். அந்த இடத்தில் ரைடு போய்ப் பழகியிருக்க வேண்டிய உங்கள் ஊர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பான். நரேந்தர் மாதிரி ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பது, அவருக்குக் களத்தில் இடம் கிடைத்தால்தான் தெரியும். தலைவாஸுக்கும் அது ஒரு விபத்தால்தான் தெரியவந்தது.

நான்காவது, யாரும் கேட்காத கேள்வி: காயம் பட்டால் யார் பார்ப்பது? பவன் ஷெராவத்துக்கு முட்டி போனபோது பின்னால் ஒரு அணி நிர்வாகம் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே 2.6 கோடிக்கு அவரால் திரும்ப வர முடிந்தது. மண் தரையில், விடியற்காலை மூன்று மணிக்கு, மூன்றாவது ஆட்டம் ஆடும் பையனுக்கு முட்டி போனால்? வந்தவர் வெளியூர்க்காரர் என்றால் பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாக இருக்காது. பல குடும்பங்களில் அந்தப் பையன்தான் கூலிக்குப் போய்ச் சம்பாதிப்பவன் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு அணி ஒரே ரைடரை நம்பியிருக்கும்போது, வலி இருந்தாலும் ‘இன்னும் ஒரே ரைடுடா தம்பி’ என்று அவரைத்தான் அனுப்பும். இரண்டாவது ரைடர் இருப்பது ஜெயிப்பதற்கு மட்டுமில்லை, முதல் ரைடரின் முட்டியைக் காப்பாற்றுவதற்கும்தான்.

கப்பைத் தாண்டி ஒரு கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கபடி ஆடும் பசங்களுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமில்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை அணிகள் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கபடியும் ஒன்று, அது மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவுக்குப் போகிறது. அந்த ஏணியில் ஏற, ஆட்டத்தில் இடம் வேண்டும். மின்னொளிப் போட்டியில் வாங்கும் கப்புக்கு அரசு வேலையில் மதிப்பெண் இல்லை. ஆனால், அங்கே ஆடிப் பழகிய அனுபவம்தான் ஒரு பையனை மாவட்டத் தேர்வு வரை கொண்டுபோகிறது. அந்த அனுபவத்தை நாம் 10,000 ரூபாய் கொடுத்து வெளியூர்க்காரருக்குக் கொடுக்கிறோமா என்பதுதான் உண்மையான கேள்வி.

டிஃபெண்டர்களுக்கு இதில் இன்னொரு செய்தி உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து போன தர்மராஜ் சேரலாதன் ஒரு டிஃபெண்டர். லீக் முழுக்க ‘அண்ணா’ என்றுதான் அழைத்தார்கள். 2016-ல் பாட்னா தன் இரண்டாவது கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். பர்தீப் பாடிப் போன அதே அணியில், அவருக்குப் பின்னால் நின்றவர். போஸ்டரில் ரைடர் முகம் இருக்கலாம், கோப்பையைத் தூக்கிய கை டிஃபெண்டருடையது.

கடைசியாக, ரைடர் வேண்டுமா வேண்டாமா?

வேண்டும். நல்ல ரைடர் இல்லாமல் கோப்பை வெல்வது கஷ்டம்தான். பர்தீப்பும் பவனும் அதைக் காட்டிவிட்டார்கள். ஆனால், அவர் கடைசியாகச் சேர்க்க வேண்டியவர், முதலில் வாங்க வேண்டியவர் இல்லை. இரண்டு கார்னரும் இரண்டு கவரும் நிற்கும் அணிக்கு ஒரு நல்ல ரைடர் கிடைத்தால், அவர் அரையிறுதி அணியை சாம்பியன் ஆக்குவார். ஒன்றும் இல்லாத அணிக்கு அதே ரைடர் கிடைத்தால், 202 புள்ளி எடுத்தும் கடைசி இடத்தில்தான் இருப்பார்.

அதனால் அடுத்த முறை டீக்கடையில் ‘யாரை இறக்கலாம்?’ என்ற பேச்சு வந்தால், கூடவே ஒன்றைக் கேளுங்கள். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே நிற்கும் ஆறு பேர் யார்? அந்த ஆறு பேரின் பெயரையும் யோசிக்காமல் சொல்ல முடிந்தால், தாராளமாக ரைடருக்கு போன் போடுங்கள். முடியாவிட்டால், அந்தப் பத்தாயிரத்தை இந்த வருஷம் உங்கள் ஊர்ப் பசங்க மேல் போட்டுப் பாருங்கள்.